பெரியவருக்குக் கிட்டார் ஆசிரியர் தேவை

மலர்ச்சாலைக்காரர், சவப்பெட்டியில் கிடத்தியிருந்த சுவக்கினின் வலக்கைக்கு வெள்ளைக் கையுறையை மாட்டி முடித்து, இடக்கைக்கு வந்திருந்தார்.

"வெரல நேரா புடிங்க தம்பி, மடங்குது பாருங்க," என்று தலைமாட்டில் நின்று டொரதி அத்தை சொல்லிக்கொடுத்தாள். அண்ணனின் பெட்டியருகிலும் நாலு பேரை வேலை வாங்காவிட்டால் அத்தைக்குச் சோறு இறங்காது. மகள் ஐரின், அப்பாவின் டையைச் சரிசெய்வதுபோல் குனிந்து நின்றாள். அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை தூக்கத்திலேயே போய்விட்டார். இரண்டு நாளாகக் கட்டுகஸ்தோட்டைச் சனம் வந்து பிளேன்டீ குடித்துவிட்டு, சொல்லி வைத்தாற்போல ஒரே வார்த்தையைத்தான் சொல்லிப் போனது.

"ஒரு குறையும் இல்லாம போயிட்டாரும்மா."

குறை இருந்தது. அது அலுமாரியில், ஐரினின் சேலைகளுக்கு அடியில், ரப்பர் பட்டி போட்ட ஒரு கட்டாகக் கிடந்தது. இன்று மூன்று மணிக்கு அடக்கம். அதற்குள் அந்தக் கட்டை எரித்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பில்லை.

சுவக்கின் முப்பத்தைந்து வருடம் தபால் கந்தோரில் முத்திரை குத்தியவர். மனைவி போன பிறகு பேச்சும் குறைந்துபோனது. ஜனவரியில் ஒருநாள் சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே, "ஐரின், எனக்குக் கிட்டார் படிக்கணும். தனியா சொல்லித்தர ஒரு ஆள் தேடித் தர்றியா?" என்றார். வயது அறுபத்தெட்டு.

அவளும் தேடத்தான் செய்தாள். டவுனில் ஒரு சங்கீத வகுப்புக்குப் போன் செய்தாள். "புள்ளைக்கு எத்தன வயசு?" என்று கேட்டார்கள். சொன்னாள். போனில் இருந்தவர் சிரித்தார். பக்கத்தில் இருந்தவரிடமும் சொல்லியிருப்பார் போல, அவரும் சிரித்தது கேட்டது. ஐரினுக்குக் காது சுட்டது. அதோடு தேடுவதை நிறுத்திக்கொண்டாள்.

சுவக்கின் விடவில்லை. சிநேகிதர் ஸெய்னுலாப்தீனின் அச்சகத்தில் ஒரு கட்டு நோட்டீஸ் அடித்து வந்தார். 'பெரியவருக்குக் கிட்டார் ஆசிரியர் தேவை.' கீழே ஐரினின் போன் நம்பர். அவள் வேலை செய்யும் கந்தோருக்குப் போகிற வழியில் பஸ் நிறுத்தங்களில் ஒட்டச் சொன்னார். தெரிந்தவர்கள் பார்த்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கட்டை அப்படியே சேலைக்கு அடியில் தள்ளிவிட்டு, ஒட்டியாயிற்று என்று சொல்லிவிட்டாள்.

"யாராச்சும் போன் பண்ணினாங்களா புள்ள?"

"இல்லப்பா. இந்த ஊர்ல பெரியவங்களுக்குச் சொல்லித்தர ஆளே இல்ல போல."

இரண்டு மாதம் கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். தன்னையும் ஒரு மாணவனாக ஒருத்தரும் மதிக்கவில்லை என்ற எண்ணத்தோடே அப்பா போய்விட்டார் என்பதுதான் ஐரினின் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. அவள் சொன்ன பொய். இனி யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

அறைக்குள் போகத் திரும்பியபோது வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றினார். நாற்பது வயதிருக்கும். பெட்டியின் முன்னால் நின்று கும்பிட்டார். பிறகு யாரிடம் பேசுவது என்று தெரியாமல் விழித்தார்.

"நீங்க...?" என்று ஐரின் அருகில் போனாள்.

"வீரய்யாங்க அக்கா. சொந்த ஊரு ஹுன்னஸ்கிரிய, இப்ப குண்டசாலையில இருக்கேன். பாலத்துக்கிட்ட லைட் போஸ்ட்ல ஐயாட படத்தக் கண்டேன். மரண அறிவித்தல். கை காலெல்லாம் ஓடல்ல."

"அப்பாவ எப்படித் தெரியும்?"

"நான்தான் அக்கா ஐயாவுக்குக் கிட்டார் சொல்லித்தர்றது."



வீரய்யா சட்டைப் பையிலிருந்து மடித்த துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "நான் யாருன்னு காட்ட இதக் கொண்டுவந்தேன். மே மாசம் அதே போஸ்ட்லதான் ஒட்டியிருந்திச்சு."

அதே நோட்டீஸ். அவளுடைய நம்பர் பேனையால் வெட்டப்பட்டு, பக்கத்தில் அப்பாவின் நம்பர் இருந்தது. தபால் கந்தோர்க் கையெழுத்து. ஒவ்வொரு எண்ணும் தனித்தனியாக, யாரும் பிழையாக வாசித்துவிடக் கூடாது என்று எழுதியது.

"வியாழக்கிழமை நாலு மணிக்கு வருவாரு. ஒரு நாளும் விட்டதில்ல. என்னைய 'மாஸ்டர்'னுதான் கூப்பிடுவாரு, எனக்கு வெட்கமா இருக்கும்."

வியாழக்கிழமை. கோயில் சபைக் கூட்டம் என்று சொல்லிவிட்டுத் தலை வாரிக்கொண்டு புறப்படுவார். அப்பாவுக்கு இந்த வயதில் பக்தி முற்றிவிட்டது என்று அவள் அத்தையிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

"வாசிக்க வந்திச்சா அவருக்கு?"

வீரய்யா பெட்டியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "செத்த வீட்ல பொய் சொல்லக் கூடாது. மூணு கோர்ட் கம்பியில புடிக்க வரும். நாலாவது வரவே வராது, வெரலு குட்ட. ஆனா விடமாட்டாரு. கிட்டார ஸெய்னுலாப்தீன் நானாவோட அச்சகத்துல வச்சிருக்காரு. தெனம் காலையில பேப்பர் வாங்கப் போறப்ப அங்கதான் பழகுறது."

பேப்பர் வாங்க ஒன்றரை மணி நேரமா என்று அவள் எத்தனை நாள் சண்டை பிடித்திருக்கிறாள்!

"வீட்ல ஏன் சொல்லல்லியாம்?" என்று கேட்டாள்.

"கிறிஸ்மசுக்கு வாசிச்சுக் காட்டணுமாம். 'அவ என்ன ஒருக்கா ஏமாத்தினா மாஸ்டர், நா அவள ஒருக்கா ஏமாத்திக் காட்டுறேன்'னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. அது என்ன கதைன்னு எனக்குத் தெரியாது."

"சிரிப்பாரா?"

"கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிப்பாரு."

ஐரின் அறைக்குள் போய் அலுமாரியைத் திறந்தாள். கட்டு இருந்த இடத்திலேயே, அதே தடிப்பில் இருந்தது. ரப்பர் பட்டியைக் கழற்றினாள். மேலே ஒரு நோட்டீஸ், அடியில் ஒரு நோட்டீஸ். நடுவில் இருந்ததெல்லாம் பழைய கலண்டர் தாள், அளவு பார்த்து நேராக வெட்டி அடுக்கியது. அவள் எப்போதாவது தடவிப் பார்த்தாலும் குறைந்தது தெரியக் கூடாதென்று, கிழவர் கத்தரிக்கோலும் கோடு போடும் அடிமட்டமுமாக உட்கார்ந்திருக்கிறார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். இரண்டு நாளாக வராத அழுகையும் அதோடு சேர்ந்து வந்தது. நெஞ்சிலிருந்த கல் இறங்கிவிட்டது. எரிக்க ஒன்றுமில்லை.

வெளியே ஃபாதர் வந்துவிட்டார். ஜெபம் முடிந்து பெட்டியை மூடப் போகையில் ஐரின் முன்னால் வந்தாள். இப்போது அப்பாவின் முகத்தை நன்றாகப் பார்த்தாள். பிறகு குனிந்து, இடக்கையின் கையுறையை விரல் விரலாக இழுத்துக் கழற்றினாள்.

"என்ன புள்ள செய்ற?" என்று டொரதி அத்தை பதறினாள். "எவ்ளோ பாடுபட்டு மாட்டினது அது!"

"இந்தக் கைக்கு வேணாம் அத்தை."

"ஒத்தக் கையுறையோடயா அண்ணன அனுப்புறது? பாக்கிறவங்க என்ன சொல்லுவாங்க?"

ஐரின் அப்பாவின் இடக்கை விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். கம்பி அழுத்தி அழுத்தி நாலும் காய்த்துப்போய், காய்ந்த கடலைபோலக் கட்டியாக இருந்தன. கூட்டத்தின் பின்னால் நின்ற வீரய்யாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையசைத்தார்.

மலர்ச்சாலைக்காரர் மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருந்தார். அவள் அந்தக் கையை மற்றக் கைக்கு மேலே, விரல்கள் தெரியும்படி எடுத்து வைத்தாள்.