ஜல்லி மேல் நின்ற மேஸ்திரி

அறுநூற்று நாற்பது ரூபாய். சித்தாள் மல்லம்மாவுக்கு மேஸ்திரி இராமச்சந்திரன் வைத்திருந்த கூலி பாக்கி. கேட்டால் "சனிக்கிழமை" என்பார். எந்தச் சனிக்கிழமை என்று சொன்னதில்லை.

அன்றைக்கு மைசூர் குவெம்புநகரில் கமலம்மாள் கட்டும் வீட்டுக்கு ரூஃப் கான்கிரீட். அது முடிந்தால் மேஸ்திரி நஞ்சன்கூடு வேலைக்குப் போய்விடுவார். பிறகு பாக்கி ஆற்றில் போட்டது மாதிரிதான்.

மிக்சர் மிஷினுக்குத் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டுவது எப்போதும் மூத்த ஆள் ஜடையன். அவன் காட்டாமல் ஒருத்தரும் சட்டி தூக்கமாட்டார்கள். அவனோ மணல்மேல் உட்கார்ந்து, போண்டா கட்டிவந்த கன்னடச் சரித்திரப் பாடத் தாளை எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தான். நாற்பது வயசுக்குமேல் படிக்கக் கற்றவனுக்கு எந்தக் காகிதத்தையும் சும்மா விட மனசு வராது.

"மல்லம்மா, கேளு. அந்தக் காலத்து ஐரோப்பாவுல போப்புன்னு ஒருத்தரு, சர்ச்சுக்கெல்லாம் பெரியவரு. ராஜா பேச்சுக் கேக்கலீன்னா நாட்டுல சர்ச்சுக் கதவையே சாத்திப்போடுவாராம். மணி அடிக்காது, கண்ணாலம் ஆகாது, பொணத்துக்கு மந்திரம் கெடையாது. ஒரு ராஜா பனியில வெறுங்காலோட நின்னு மன்னிப்புக் கேட்டிருக்கானே!"

"அவருகிட்ட அத்தன பெரிய பட்டாளமாண்ணா?"

"பட்டாளமா? பூசை அவரு கையில, புள்ள."

சொன்னவன் சூடத்தைப் பார்த்தான். மல்லம்மாவைப் பார்த்தான். சூடத்தை மடியில் முடிந்துகொண்டான்.

"ஏனப்பா ஜடையா, ராகுகாலம் வந்துரும், சூடத்தைக் காட்டு!" என்று மேஸ்திரி கத்தினார்.

"ஆகாதுங்க. கூலி பாக்கி இருக்கிற எடத்துல பூசை எடுபடாது. கதவு சாத்தியாச்சு."

"எந்தக் கதவுடா? இன்னும் ஒண்ணுகூட மாட்டலையே!"

ஆட்கள் சட்டிகளைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார்கள். மேஸ்திரி தானே ஒரு சூடத்தைக் கொளுத்திப் பார்த்தார். அது எரிந்து அணைந்தது, ஒருத்தரும் எழவில்லை. மிஷின் வாடகை ஓடிக்கொண்டிருந்தது. தெருமுனையில் கமலம்மாளின் ஆட்டோ திரும்பியதும் மேஸ்திரியின் முகம் சிமெண்ட் நிறத்துக்கு வந்துவிட்டது.

"சரி, என்னடா செய்யணும்?"

"செருப்பைக் கழட்டிப்போட்டு ஜல்லிமேல நில்லுங்க. புள்ள பணத்தை எண்ணி முடிக்கிற மட்டும்."

பாக்கியை எடுத்துக் கொடுத்துவிட்டு நின்றார். மல்லம்மா ஜென்மத்தில் அத்தனை மெதுவாக நோட்டு எண்ணியதில்லை. நடுவில் தப்புவிட்டு முதலிலிருந்து வேறு ஆரம்பித்தாள்.

"எந்தச் சாமிடா இப்படியெல்லாம் கேக்குது?" மேஸ்திரி ஒரு காலை மாற்றி மறுகாலில் நின்றார்.

"வெளியூர்ச் சாமிங்க," என்று ஜடையன் மடியை அவிழ்த்துச் சூடத்தை எடுத்தான்.

அறுநூற்று நாற்பதும் சரியாக இருந்தது. மல்லம்மா ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு முதல் சட்டியைத் தூக்கினாள்.