முள்ளைத் தாண்டிய கோடு

டாக்டர் கையை விரித்துவிட்டார். "உள்ளுக்குள்ளயே போயிடுச்சுக்கா. இனிமே பண்றதுக்கு ஒண்ணும் இல்ல" என்று துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாராம்.

படுத்துக்கிடந்தது மனுஷர் இல்லை, கார். டாக்டர் என்பது தெருமுனை மெக்கானிக். நீளமான ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை இன்ஜினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்பதால் தெரு கொடுத்த பட்டம். கல்லூரியில் படித்து வாங்கிய பட்டத்தை ஒருத்தரும் சீந்தாத தெருவில், அவர் பட்டத்துக்கு மட்டும் நல்ல மரியாதை.

அதை நினைத்தாலே மகளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, ஒரு அலுவலகத்தில் யார் யாரோ எழுதித் தருவதைக் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருக்கிறாள். பட்டறை வேலைக்கு நேர்முகம் போன இடத்திலெல்லாம் "கியர்பாக்ஸைத் தூக்குவீங்களாம்மா?" என்று சிரித்தார்கள். ஒரு இடத்தில் பொறுக்க முடியாமல், "ஏன் சார், உங்க பட்டறையில கிரேன் கிடையாதா, இடுப்புலயா தூக்கிட்டுப் போறீங்க?" என்று கேட்டுவிட்டாள். அந்த வேலையும் போயிற்று.

அவளைப் படிக்கவைத்ததே இந்தக் கார்தான். ஆறு சிலிண்டர், நீள மூக்கு, பளபளவென்ற பழைய வண்டி. அப்பா போன பிறகு அம்மா ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். கல்யாண வாடகைக்கு ஓட்டினாள். "பொண்ணு மாப்பிள்ளைய ஒருத்தனும் பாக்கறதில்ல. என் வண்டியத்தான் பாக்கறான்" என்று சொல்லிச் சிரிப்பாள்.

கொஞ்ச நாளாகத் தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறும்போது, கோலிக்குண்டுகளைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்கினாற்போல இன்ஜின் சத்தம் போட்டது. சத்தம் போக, டாக்டர் தீப்பொறி விழும் நேரத்தைச் சரிசெய்து டைமிங் வைத்துப் பார்த்தார். போகவில்லை. மறுபடி வைத்தார். போகவில்லை. கடைசியில் இன்ஜின் அவ்வளவுதான் என்றவர், "இப்படியே விடுங்கக்கா, நானே எடுத்துக்கறேன்" என்றும் சொன்னார். அம்மாவும் தலையாட்டிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து எடுத்துப்போவதாகப் பேச்சு.

"செத்துப்போச்சுன்னு சொன்ன வண்டிய அவர் எதுக்குக் கட்டி இழுத்துட்டுப் போறார்? உன் தலையில நல்லா மிளகாய் அரைக்கறார்மா" என்றாள் மகள்.

"விடுடி. அவன் பொய் சொல்றவன் இல்ல."

"எல்லாரும் உனக்கு நல்லவங்கதான்."

ஞாயிறு காலை, டைமிங் லைட்டை இரவல் வாங்கிக்கொண்டு வந்து பானெட்டைத் திறந்தாள்.

பிஸ்டன் உச்சிக்கு வந்துசேரக் கொஞ்சம் முன்னால் தீப்பொறி விழவேண்டும். ரொம்ப முந்தினால், மேலே வந்துகொண்டிருக்கிற பிஸ்டனின் மண்டையிலேயே வெடிப்பு இறங்கும். வாசலுக்கு வருகிறவனின் முகத்தில் கதவை அறைகிற மாதிரி. அந்த அடிதான் கோலிக்குண்டுச் சத்தம். எவ்வளவு முன்னால் என்று காட்ட, இன்ஜினின் முன்புறம் சுழலும் புல்லியில் ஒரு கோடு இருக்கும். பக்கத்தில் டிகிரிகள் குறித்த முள் ஒன்று. முதல் சிலிண்டருக்குப் பொறி போகும்போதெல்லாம் லைட் மின்னும். அந்த வெளிச்சத்தில், சுற்றுகிற கோடு நின்ற மாதிரி தெரியும். இந்த வண்டிக்கு எட்டு டிகிரியில் நிற்கவேண்டும்.

டாக்டர் வேண்டுமென்றே பொறியை முந்தவைத்திருக்கிறார் என்று அவள் முடிவே கட்டியிருந்தாள். சாயங்காலம் அவர் முகத்துக்கு நேரே சொல்லவேண்டிய வசனங்கூடத் தயார்.

பொறியின் நேரத்தைத் தானாக மாற்றும் வாக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்து லைட்டைப் பிடித்தாள். கோடு எட்டில் நின்றது. ஒரு மயிரிழை இப்படி அப்படி இல்லை.

அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அந்த மனுஷர் ஒழுங்காகத்தான் வேலை பார்த்திருக்கிறார்.

பம்பரில் உட்கார்ந்து யோசித்தாள். எட்டில் இருக்கிறது, ஆனால் முந்திப்போன மாதிரியே அடிக்கிறது. வண்டி சொல்வது உண்மை என்றால்? புல்லியைத் துடைத்து விரலால் தடவினாள். அது ஒரே துண்டு இல்லை. நடுவில் ஒன்று, வெளியே ஒரு வளையம், இரண்டையும் பிடித்திருப்பது ரப்பர். கோடு இருப்பது வெளி வளையத்தில். நகத்தால் கீறியதும் ரப்பர் பழைய பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

"அம்மா! ஸ்பானர் பிடிக்க வா!"

ஆறு பிளக்கையும் கழற்றினாள். முதல் சிலிண்டரின் பிளக் துளைக்குள் ஒல்லியான பிரஷ் கட்டை ஒன்றை விட்டு, அதில் நூல் கட்டி அடையாளம் வைத்தாள். அம்மா கீழே குனிந்து ஸ்பானரால் இன்ஜினைச் சுற்ற, கட்டை மெல்ல மேலே எழும்பியது.

"நிறுத்து!" நூல் துளை விளிம்புக்கு வந்த இடத்தில், முள்ளின் பூஜ்ஜியத்துக்கு நேராகப் புல்லியில் ஒரு சாக்பீஸ் புள்ளி. "இன்னும் சுத்து... மெதுவாமா, மாவா ஆட்டறே?"

"நீயே வந்து சுத்துடி, பெரிய மேஸ்திரி."

கட்டை உச்சிக்குப் போய் இறங்கி, நூல் மறுபடி விளிம்பைத் தொட்டதும் பூஜ்ஜியத்துக்கு நேரே இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் நட்டநடுவில் வருவதுதான் உண்மையான உச்சி. நடுவைக் குறித்து, அது முள்ளின் பூஜ்ஜியத்துக்கு நேரே வரும்வரை சுற்றச்சொன்னாள். பழைய கோட்டைத் தேடினாள். அது முள்ளைத் தாண்டி ஒரு விரற்கடை தூரம் போயிருந்தது.

"வளையம் நழுவியிருக்கு, அம்மா! அவர் கோட்டைப் பாத்து சரியாத்தான் வச்சிருக்கார். கோடுதான் தப்பான இடத்துல இருக்கு. இன்ஜினுக்கு ஒண்ணும் இல்ல!"

அம்மா பம்பரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இழுத்த மாதிரி நிமிர்ந்தாள். மகள் அதைப் பார்த்தாள். ஆனால் கவனம் முழுக்கப் புல்லியில்.

அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த ஒயிட்னரால் புதுக் கோடு போட்டாள். பிளக்குகளை மாட்டி, ஸ்டார்ட் செய்து, பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் நட்டைத் தளர்த்தி, வெள்ளைக்கோடு எட்டில் வந்து நிற்கும்வரை மெல்லத் திருப்பினாள். நட்டை இறுக்கி, குழாயை மாட்டி, ஐடில் வேகத்தைச் சரிசெய்தாள்.

"ஓட்டு. மேட்டுக்குப் போலாம்."

தொட்டி மேட்டில் அம்மா கியரை இறக்காமலே ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். கோலிக்குண்டு இல்லை. ஆறு சிலிண்டரும் ஒரே குரலில் இழுத்துக்கொண்டு ஏறின. மகளுக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. "பாத்தியா! சாயங்காலம் அவர் வரட்டும், வண்டி இல்லன்னு சொல்லிடு" என்றாள்.

உச்சியில் அம்மா வண்டியை நிறுத்தினாள். கை ஸ்டீயரிங்கிலேயே இருந்தது.

"கொடுத்துடலாம்டி."

"என்னம்மா சொல்றே? இப்பத்தானே..."

"எனக்குக் கிளட்ச் மிதிக்க முடியல. இடுப்புல இருந்து கால் வரைக்கும் மரத்துப்போகுது. போன கல்யாணத்துல, பொண்ணு மாப்பிள்ளையப் பின்னால வச்சிட்டு, கால் எங்க இருக்குன்னே தெரியல. பயந்துட்டேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணுவே? என்மேல கத்துவே. அப்புறம் உங்கப்பா மேல, கல்யாணம் பண்றவங்க மேல, இந்த மேட்ட போட்டவன் மேல." அம்மா சிரிக்கப் பார்த்தாள். "இன்ஜின் போச்சுன்னா நீ ஒத்துப்பே. அம்மாவுக்குக் கால் போச்சுன்னா ஒத்துக்கமாட்டே. அவன் கையை விரிச்சதும், அப்பாடான்னு இருந்துச்சு."

காலையிலிருந்து மகள் ஒரு எதிரியைத் தேடிக்கொண்டிருந்தாள். டாக்டர் இல்லை, இன்ஜின் இல்லை. வண்டியின் ரப்பரை நகத்தால் கீறிப்பார்த்தவள், பக்கத்தில் அம்மா ஒரு காலை இழுத்துக்கொண்டு நிமிர்ந்ததைப் பார்த்தும் பார்க்காமல் விட்டிருக்கிறாள்.

"நகரு. நான் ஓட்டறேன்" என்றாள்.

சாயங்காலம் டாக்டர் வந்தபோது, அவள் பானெட்டைத் திறந்து வெள்ளைக்கோட்டைக் காட்டினாள். "மாமா, இன்ஜின் போகல. வளையம் நழுவியிருக்கு. இந்தக் கோட்டை வச்சுப் பாருங்க. ஆனா இதுவும் நழுவும், புல்லிய மாத்திடுங்க. நல்ல இன்ஜினுன்னு தெரிஞ்சு எடுத்துட்டுப் போங்க."

அவர் குனிந்து ரப்பரைத் தொட்டார். விரலில் ஒட்டிய கறுப்புத் தூளைப் பார்த்தார். "இத நான் பாத்திருக்கணும், பாப்பா" என்றார். "அப்ப வண்டிய வச்சுக்கறீங்களாக்கா?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சாவியை நீட்டினாள். "இல்லப்பா. பேசினது பேசினதுதான். நல்ல வண்டியா எடுத்துட்டுப் போ."

கார் தெருவைத் தாண்டி மேட்டில் ஏறுகிற சத்தத்தை இரண்டு பேரும் வாசலில் நின்று கேட்டார்கள். சுத்தமாக இருந்தது. அம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு, காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"நாளைக்கு லீவு போடறேன். டாக்டர்கிட்ட போறோம்."

"எந்த டாக்டர்?"

"நிஜ டாக்டர்."

"வரேன்" என்றாள் அம்மா. "ஆனா அவர்கிட்ட சண்டை போடக்கூடாது."

"அது அவர் என்ன சொல்றார்ங்கறதப் பொறுத்தது" என்று சொல்லிவிட்டு, மகள் கீழே உட்கார்ந்து, அம்மாவின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.