பின்னறை ஜன்னல்

கணவன் இறந்த பிறகு அந்த வீட்டுக்குள் வந்த முதல் புதுப்பொருள் பின்னறை ஜன்னல் கம்பிதான். கொழுந்தன் தன் வெல்டிங் பட்டறையில் தானே வெட்டி, தானே பற்றவைத்து, தோளில் சுமந்து வந்து மாட்டினான்.

"பொம்பளையும் பிள்ளையும் தனியா இருக்கீங்க அண்ணி. இனிமே நிம்மதியாத் தூங்குங்க."

அன்றோடு அவளுக்குத் தூக்கம் போயிற்று.

அந்த ஜன்னல் அவள் கணவன் விட்டுவைத்திருந்த வழி. தீயணைப்புக்காரன் வீட்டில் ஒரே வழியுள்ள அறை இருக்கக் கூடாது என்பான். ஜன்னலுக்கு அடியிலேயே பக்கத்து வீட்டு மொட்டைமாடி. மகள் வயிற்றில் இருந்தபோது அவளையே அதில் நுழையச் சொன்னான். பாதியில் சிக்கிக்கொண்டாள். "இழுத்துத் தொலைங்க!" என்று அவள் கத்த, அவன் சிரித்த சிரிப்பில் இழுக்கத் தெம்பில்லாமல் தரையில் உட்கார்ந்துவிட்டான். மறுநாளே சட்டத்தைப் பெயர்த்து அகலப்படுத்தி, அவளை மறுபடி நுழைத்துப் பார்த்தான். "நீயே போயிட்ட. இனி யானையும் போகலாம்."

மகள் ஓடியாடத் தொடங்கியதும் அது விளையாட்டானது. கண்ணைக் கட்டிக்கொண்டு, ஒரு கையைச் சுவரிலிருந்து எடுக்காமல் தவழ்ந்து ஜன்னலுக்கு வர வேண்டும். கையை வெளியே நீட்டி, "வெளிய வந்தாச்சு!" என்று கத்த வேண்டும். உடம்பெல்லாம் புகை நாற்றத்தோடு வீடு திரும்பும் நாளிலும் மகளோடு அவனும் தவழ்வான்.

துணிக் கிடங்குத் தீயில் அவன் போனான். மாடியில் சிக்கியவர்களை ஏணியில் இறக்கிவிட்டு, இன்னும் ஓர் ஆள் இருப்பதாகக் கேட்டுத் திரும்ப உள்ளே போனான். படி பற்றிக்கொண்டது. சுவரைத் தடவித் தடவி ஒரு ஜன்னலுக்கு வந்தும் சேர்ந்துவிட்டான். ஜன்னலில் கம்பி. வெளியே ஏணியில் நின்று அதை அறுத்துக்கொண்டிருந்த தீயணைப்பு வண்டி ஓட்டுநர் அவளிடம் மட்டும் இதைச் சொன்னார். மற்றவர்களுக்கு, புகையில் மூச்சடைத்தது என்பதோடு சரி. கொழுந்தனுக்குத் தெரியவே வேண்டாம் என்று அவள்தான் கேட்டுக்கொண்டாள். ஜன்னல் கம்பிதான் அவன் பிழைப்பு. கட்டட வேலைக்காரர்கள் அவன் பட்டறையிலிருந்து மொத்தமாக அள்ளிப்போவார்கள்.

ஆகவே கம்பியை எடுக்கச் சொன்னாளே தவிர, ஏன் என்று சொல்ல முடியவில்லை. வெளிச்சம் வரவில்லை என்றாள். விளக்கு மாட்டிக் கொடுத்தான். தூசி தட்ட முடியவில்லை என்றாள். அவனே வந்து தட்டினான்.

ஆண்டு நினைவுநாளில் தீயணைப்பு நிலையத்து ஆட்கள் வந்து பின்னறையில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள்.

"அவன் பொண்ணு புராணத்தை ஆரம்பிச்சான்னா, எங்கயாவது மணி அடிக்காதான்னு இருக்கும்," என்றார் ஓட்டுநர். எல்லோரும் சிரித்தார்கள்.

கொழுந்தன் பெருமையாகக் கம்பியைத் தட்டிக் காட்டினான். "யானை இடிச்சாலும் அசையாது."

ஓட்டுநரின் தம்ளர் வாய்க்குப் போகாமல் நின்றது.

"கழட்டிடுங்க தம்பி," என்றாள் அவள். "காரணம் கேக்காதீங்க."

"மறுபடியுமா? அண்ணன் இருந்தா உங்களை இப்படிப் பாதுகாப்பில்லாம விடுவானா?"



அப்பாவைப் பற்றிய பேச்சில் குஷியாகிவிட்ட மகள், அவர் போனதிலிருந்து ஆடாத தன் விளையாட்டை வந்தவர்களுக்குக் காட்டக் கிளம்பினாள். கண்ணில் கைக்குட்டை, கை சுவரில். வழியிலிருந்த கால்களையெல்லாம் ஆண்கள் சிரித்தபடி தூக்கிக்கொண்டார்கள். ஜன்னலுக்கு வந்ததும் எழுந்து கையை நீட்டினாள். ஒவ்வொரு கம்பியாகத் தடவினாள்.

"சித்தப்பா, இங்க வழி இல்ல."

ஓட்டுநர் தம்ளரை வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. கொழுந்தன் அவரைப் பார்த்தான். கம்பியைப் பார்த்தான். பிறகு அண்ணியை.

"அண்ணன் எங்க மாட்டிக்கிட்டான்?"

தேநீர் ஆடை கட்டியது. மகள் கண்கட்டை அவிழ்த்துவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

கொழுந்தன் பட்டறைக்குப் போய் அறுக்கும் மெஷினோடு வந்தான். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். பொறி பறக்க அவனே அறுத்தான். கடைசிக் கம்பி கையோடு வந்தபின்னும் அதைக் கீழே போடவில்லை. அதன் பற்றவைப்பைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே நின்றான்.

"அண்ணி... அந்தக் கிடங்கு ஜன்னல் கம்பி என் பட்டறையில அடிச்சதில்லையே?"

"இல்ல தம்பி," என்றாள் உடனே.

அவளுக்குத் தெரியாது. தெரியாது என்பது அவனுக்கும் புரிந்தது. தலையை மட்டும் ஆட்டினான்.

ஜன்னல் ஆவென்று திறந்து கிடந்தது. இருவரும் அறைக்குள்ளேயே நின்றார்கள்.