நாலணாக் கூறு

முனியம்மாள் காதில் புதுக் கம்மல் ஏறிய நாளிலிருந்து, பக்கத்துக் குடிசை வேலம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பாதிப் பட்டணம் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடிய வருஷம் அது. நொச்சிக்குப்பத்துக் கரையில் சங்கரா மீன் ஒரு கூறு ஓரணாவுக்குக்கூடப் போகவில்லை. அதே கடல், அதே மீன். முனியம்மாள் மட்டும் உச்சிப்பொழுதுக்குள் காலிக் கூடையும் தலையில் மல்லிப்பூவுமாகத் திரும்பி வருகிறாள் என்றால்?

அடுத்தவள் வாழ்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற சுபாவம் வேலம்மாவுக்கு இல்லை. குப்பத்தில் யாருக்குத்தான் இருந்தது? ஒருநாள் காலை முனியம்மாளுக்குத் தெரியாமல் பின்னாலேயே போனாள். காலியாகிவிட்டது என்று எல்லோரும் கைவிட்ட கச்சேரி ரோட்டுப் பக்கம், ஒரு சந்தில் பத்து வீடு மட்டும் ஊரைவிட்டுப் போகாமல் இருந்தது. அத்தனைக்கும் மீன்காரி முனியம்மாள் ஒருத்திதான். முதல் வீட்டு ஜமீலுன்னிசா பீபி பேரம் பேசாமல் ஒரு கூறை நாலணாவுக்கு வாங்கினாள்.

நாலணா! மறுநாள் வேலம்மா தானும் ஒரு கூடையோடு போயிருந்தால் பாதி வியாபாரமாவது கிடைத்திருக்கும். ஆனால் அவளுக்கு வேண்டியது வியாபாரமல்ல, அந்தக் கம்மல் கழல்வது. சாயங்காலத்துக்குள் ஏழு வீட்டில் சொல்லிவிட்டாள்.

விடிந்ததும் சந்தில் ஒன்பது கூடை.

"இன்னாமா, கடலே இங்க வந்துட்ச்சா?" என்று சிரித்தாள் ஜமீலுன்னிசா. "நாலணால்லாம் நேத்தோட போச்சு. யாரு ஓரணாக்குத் தர்றீங்க?"

"நான் தர்றேன் பீபிம்மா!"

"நா அரையணாக்கே தர்றேன்!"

வேலம்மா விலை கூவுவதை விட்டு முனியம்மாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். முனியம்மாளின் முகம் சுருங்கச் சுருங்க இவளுக்குத் திருவிழா. பத்து வீட்டுக் கதவும் சாத்திய பிறகுதான் தன் கூடையைக் குனிந்து பார்த்தாள். ஒரு மீன்கூடப் போகவில்லை. செவுள் வெளுக்கத் தொடங்கியிருந்தது.

கரைக்குத் திரும்பிய முனியம்மாள், மிஞ்சிய மீனைக் கருவாட்டுக்குக் கீறிப்போட்டாள். பிறகு குடிசைக்குள்ளிருந்து ஒரு மூட்டை உப்பை இழுத்துவந்தாள். கம்மல் வாங்கிய கையோடு வாங்கிப் போட்டது. உப்புக்கடைச் செட்டியார் ஊரைவிட்டுப் போய் ஒரு வாரமாகிறது. குப்பத்தில் வேறு உப்பு கிடையாது.

"முனிமா, ஒரு படி உப்பு குடேன். மீனு நாறிப்பூடும்," என்றாள் வேலம்மா.

"தர்றேங்கா. மீன் வெலய ஊருக்கே சொன்னியே, உப்பு வெலயும் நீயே சொல்லேன்."

வேலம்மா வாயைத் திறப்பதற்குள் பின்னால் விற்காத கூடையோடு நின்ற ஒருத்தி, "நா ரெண்டணா தர்றேன்!" என்றாள். இன்னொருத்தி மூன்று என்றாள். யார் கேட்பது என்று முனியம்மாள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தாள். திரும்பும்போதெல்லாம் அவள் காதில் கம்மல் வெயில் பட்டு மினுங்கியது.