கண்ணுக்குத் தெரியாத தாள்

போன்கடைக்காரர் முபாரக் என் புதிய போனின் பாதுகாப்புத் தாளை உரிப்பதற்காக, அதன் மூலையில் நீட்டிக்கொண்டிருந்த சின்ன வாலைப் பிடித்து இழுத்தார். வால் மட்டும் அறுந்து வந்தது. தாள் திரையிலேயே இருந்தது.

"இதே தொல்லை லா. வால் வந்துரும், ஆள் வராது," என்றார். "பாருங்க, மேல தாள் இருக்குன்னு தெரியுதா?"

தெரியவில்லை. நகத்தால் விளிம்பைச் சுரண்டி அவர் அதை உரித்தபோதுதான் அப்படி ஒன்று இருந்ததே எனக்குத் தெரிந்தது. வெளியே சிராங்கூன் சாலையில் சனிக்கிழமைக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. போன வாரம் பட்டறையில் ஒரு கேமரா லென்ஸின் தாளை உரிக்க நான் இதேபோல ஒரு வாலை இழுத்திருக்கிறேன். அதன் பின்னால் தாள் வந்ததா?

புக்கிட் பாத்தோக்கில் உள்ள எங்கள் பட்டறையில் அணு உலை எரிபொருளைத் தண்ணீருக்கடியில் தூக்கவும் பார்க்கவுமான கருவிகளைச் செய்கிறோம். சிங்கப்பூரில் உலை கிடையாது. ஒன்பது மீட்டர் உயர இரும்புத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, போலி எரிபொருள் கட்டு ஒன்றை இறக்கிச் சோதித்துவிட்டு வெளிநாட்டுக்கு அனுப்புவோம். உலையில் எரிபொருளை மூழ்கவைத்திருக்கும் நிஜக் குளத்தை நான் பார்த்ததில்லை. அதன் அடியில் நீலமாக ஒரு வெளிச்சம் இருக்கும் என்று, கருவிகளோடு அங்கே போய்வரும் எங்கள் மூத்த பொறியாளர் லியோனல் சொல்லியிருக்கிறார். அந்த நீலத்துக்குள் மனிதர் யாரும் இறங்க முடியாது. குளத்துக்குக் குறுக்கே உள்ள பாலத்தில் நின்றபடி நீண்ட கம்புகளால்தான் எல்லா வேலையும் நடக்கும். கம்பின் நுனியில் நாங்கள் பொருத்திய கேமரா இருக்கும்.

அந்தக் குளத்தருகே ஒளி ஊடுருவும் எதையும் கொண்டுபோகக் கூடாது. பேனாவோ பையோ கயிறோ, எல்லாம் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருக்க வேண்டும். நிறமில்லாத பிளாஸ்டிக் தண்ணீரில் விழுந்தால் அது இருந்தும் இல்லாததாகிவிடும். எரிபொருள் கட்டுக்குள் நுழைந்து, உலையில் அதன் நீரோட்டத்தை அடைத்தால், அந்த இடம் சூடேறி எரிபொருள் குழாயின் தோல் வெடிக்கும். லியோனல் இதை எனக்குச் சொல்லிக்கொடுத்த நாளில், கனவில்கூடக் கண்ணாடித் தம்ளர்களைக் கண்டு பயந்தேன்.

எங்கள் கருவிகளோடு வெளிநாட்டு உலைக்குப் போயிருந்த லியோனலைப் போனில் அழைத்தேன். எடுக்கவில்லை. குளத்தருகே போனுக்கு அனுமதியில்லை; காலையிலேயே கேமராக்களை இறக்குவதாகச் செய்தி அனுப்பியிருந்தார். டாக்சி பிடித்தேன். வழியெல்லாம், உரித்த தாளை விரல்களுக்கு நடுவே உணர்ந்தேனா என்று நினைவைக் குடைந்துகொண்டே வந்தேன். விரல்கள் எதையும் சொல்லவில்லை.

பட்டறையில் எங்கள் முதலாளி தனசேகரன் மட்டும் உள்ளறையில் இருந்தார். நான் நேராகப் போய்ப் பதிவேட்டைத் திறந்தேன். ஒரு கருவியிலிருந்து உரிப்பது, கழற்றுவது எல்லாவற்றையும் பதிவேட்டில் அந்தக் கருவிக்கான பக்கத்திலேயே ஒட்டி, எண்ணிக் கையெழுத்துப் போடுவது எங்கள் வழக்கம். நான்கு கேமராக்கள், நான்கு தாள்கள். என் கையெழுத்தும் இருந்தது. முதல் மூன்றும் வட்டமான தாள்கள், வாலோடு. நான்காவது வெறும் வால்.

லாரி வந்துவிட்டது என்று யாரோ கூப்பிட்டதும், நான் அவசரமாக ஒட்டியதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. ஒட்டியதை எண்ணினேன், நான்கு இருந்தது. எண்ணிக்கை சரியாக இருந்ததால் பிறகு யாருமே பார்க்கவில்லை.

அலமாரியில் உபரிக் கேமரா ஒன்று இருந்தது, உரிக்காத தாளோடு. அதை உரித்து இங்கே ஒட்டிவிட்டால் பக்கம் முழுமையாகிவிடும். கை அலமாரிக் கதவைத் தொட்டதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. பதிவேட்டை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனேன்.

தனசேகரன் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த வாலை நெடுநேரம் பார்த்தார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உலையின் அவசர எண்ணுக்கு அழைத்து, வேலையை நிறுத்தச் சொல்லி, என்ன தவறு, யாருடைய தவறு என்று நிதானமான ஆங்கிலத்தில் சொன்னார். இருபது நிமிடத்தில் பதில் வந்தது. நான்கு கேமராக்களையும் மேலே எடுத்துவிட்டார்கள். எந்த லென்ஸிலும் தாள் இல்லை.

அப்படியானால் அது குளத்தில் இருக்கிறது. எழுபது எரிபொருள் கட்டுகளுக்கு மேலே எங்கோ.

எப்படித் தேடலாம் என்று பார்க்க, உபரிக் கேமராவின் தாளை உரித்து எங்கள் தொட்டிக்குள் போட்டார் சார். விழுந்த இடத்தை நானும் பார்த்தேன். இரண்டு நொடிகளில் காணாமல் போனது. மேலே இருந்த விளக்குகளை எல்லாம் போட்டோம். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. பிறகு எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு, ஒரே ஒரு விளக்கைக் கம்பில் கட்டி ஆழத்தில் பக்கவாட்டில் பிடித்தோம். போலிக் கட்டின் தலையில், முடி அளவு மெல்லியதாக ஒரு வளைந்த கோடு மின்னியது. தாளின் விளிம்பு.

அதை அப்படியே அவர்களிடம் சொன்னோம். ஒன்றரை மணி நேரம் போன் ஒலிக்கவில்லை. சார் எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார். குடிக்க முடியவில்லை.

கடைசியில் லியோனலே அழைத்தார். கோடு தெரிந்தது என்றார். இடுக்கியை அருகே கொண்டுபோனபோதெல்லாம் தண்ணீர் அசைந்து அது நழுவிப் போனதாம். உறிஞ்சு குழாயால் இழுத்து, வடிகட்டிக்குள் பிடித்துவிட்டார்கள்.

"ஆனா முழுசா இல்ல, அனு. ஓரத்துல கிழிஞ்சிருக்கு. மிச்சம் உள்ள கெடக்குன்னு இவங்க மறுபடியும் தேடணும்ங்கிறாங்க."

நான் பதிவேட்டுப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினேன். படத்திலிருந்த வாலின் கிழிசலோடு தாளின் கிழிசலை ஒப்பிட்டுப் பார்த்ததில் இடைவெளியே இல்லை என்று சற்று நேரத்தில் சொன்னார். அலமாரிக் கதவு என் விரல் நுனியில் மறுபடி குளிர்ந்தது. நான் அந்த வாலைத் தூக்கி எறிந்திருந்தால் அவர்கள் இல்லாத ஒன்றை வாரக்கணக்கில் தேடியிருப்பார்கள்.

சார் நாற்காலியில் சாய்ந்தார். முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

"சரி, வேலையத் தொடரச் சொல்லிட்டாங்க," என்றார் லியோனல். "அடுத்து தூக்குற கருவி. கட்டைப் பிடிச்சுத் தூக்கி உலைக்குள்ள வைக்கணும். அதோட பதினாறு திருகும் நீதானே செக் பண்ண?"

அந்தப் பக்கத்திலும் என் கையெழுத்துதான். அதே நாள், அதே லாரி. பதினாறு தலைகளை எண்ணியது நினைவிருக்கிறது. ஒன்றையாவது முடுக்கிப் பார்த்தேனா என்பது நினைவில்லை. சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எண்ணினேன்," என்றேன். "எண்ண மட்டும்தான் செஞ்சேன். இறக்காதீங்க, லியோனல்."