சிவப்பு நுனிப் புல்

பாலங்களைச் சோதிக்கும் அந்த அலுவலகத்தில், செலவான நேரமெல்லாம் புல்லாக முளைக்கத் தொடங்கியது ஒரு புதன்கிழமை. மணிக்கு ஒரு விரற்கடை வளர்ந்தது, ஆளுக்கொரு நிறம். பொறியாளரம்மாவின் புல்லுக்கு நுனி சிவப்பு. கூட்ட அறையில் அது ஒரு சாண் உயரம் நின்றது, தொலைபேசியைச் சுற்றி முழங்கால் உயரம். பாலங்களின் வரைபடங்கள் கிடந்த மேசை மட்டும் மொட்டையாக இருந்தது. நேரம் எதில் போகிறது என்று பார்த்து முக்கியமான வேலைக்குத் திரும்புங்கள் என்று மேலதிகாரி சுற்றறிக்கை விட்டார். மறுநாளே ஊழியர்கள் தேநீர் மூலையில் வளர்ந்திருந்ததைப் அடியோடு அறுத்துக் கோப்புகளுக்கு நடுவே நட்டுக்கொண்டார்கள். தலைமை எழுத்தரின் மேசை ஒரே வாரத்தில் வயலாகிவிட்டது. அதில் தன் புல்லும் இருக்குமோ என்று பொறியாளரம்மாவுக்குச் சந்தேகம் தட்டியது. நுனியைக் கிள்ளிவிட்டால் யார் புல் என்று யாருக்குத் தெரியும்?

அவருடைய கணவர் பேருந்து ஓட்டுநர், தினமும் ஆறு முறை பழைய பாலத்தைக் கடப்பவர். "மூணு வாரமா சொல்றேன், நடுப் பாலத்துல வண்டி ஒரு குதி குதிக்குது. எப்பதான் வந்து பாப்ப?" என்று கேட்டார். தன் நேரத்தை ஒருவர் திருடிக்கொண்டிருப்பது இந்த மனுஷனுக்கு எங்கே தெரியும் என்று பொறியாளரம்மா நினைத்துக்கொண்டார். திருடனைப் பிடித்தால்தானே பாலத்துக்குப் போக நேரம் கிடைக்கும்?

அடுத்த பதினேழு வேலை நாட்களும், நாளுக்கு மூன்று மணி நேரம், இரும்பு அலமாரிக்குப் பின்னால் அளவுகோலும் நோட்டுமாக நின்று எழுத்தரைக் கண்காணித்தார். எழுத்தர் நான்கு முறை தேநீருக்குப் போனார், இரண்டு முறை கொட்டாவி விட்டார். ஒரு முறை திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பும் நோட்டில் ஏறியது. தன் காலடியை மட்டும் பொறியாளரம்மா பார்க்கவில்லை. பதினெட்டாம் நாள் காலையில் அலமாரிக்குப் பின்னால் நுழையவே முடியவில்லை. இடுப்பளவு புல், நுனியெல்லாம் சிவப்பு.

எழுத்தர் தன்னை மாட்டிவிட நட்டு வைத்திருக்கிறார் என்றுதான் முதலில் தோன்றியது. நட்ட புல் இழுத்தால் கையோடு வந்துவிடும். இது வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்ததில் நகம் பெயர்ந்தது. வேர் சிமெண்டுத் தரையைத் துளைத்து இறங்கியிருந்தது. அவமானத்தில் அவருக்குக் காது சுட்டது. பிறகு பயம் வந்தது. இந்தப் பதினேழு நாளில் கணவர் நூறு தடவைக்கு மேல் அந்தப் பாலத்தைக் கடந்திருந்தார்.

அன்றே போய்ப் பார்த்தார். நடு உத்தரத்து விரிசலில் மூன்று விரல் நுழைந்தது. யாரிடமும் அனுமதி கேட்காமல் பாலத்தின் இரு முனையிலும் தார் பீப்பாய்களை உருட்டி மறித்தார். முதலில் வந்தது கணவரின் பேருந்து. அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார், இஞ்சினை அணைத்தார், பயணிகளை இறங்கச் சொன்னார்.

"முன்னாடியே வந்திருக்கணும்ங்க," என்றார் பொறியாளரம்மா.

"இப்ப வந்துட்டல்ல," என்றார் அவர்.

சரியாகச் சோதிக்காமல் குடும்பத்துக்காகப் பொறியாளரம்மா பாலத்தை மூடிவிட்டாரோ என்ற சந்தேகத்தோடு மாலையில் மேலதிகாரி வந்தார். தூணடியில் நான்கு விரற்கடை உயரத்தில் சிவப்பு நுனிப் புல் நின்றது. குனிந்து இழுத்தார், வரவில்லை. கூட வந்த எழுத்தரை இழுக்கச் சொன்னார், அப்போதும் வரவில்லை. பாலத்தை மூடும் உத்தரவில் அங்கேயே கையெழுத்திட்டார். மூன்றாம் நாள் விடியலில் நடு உத்தரம் ஆற்றில் விழுந்தது. மேலே யாரும் இல்லை.

புதுப் பாலம் கட்ட இரண்டு ஆண்டுகள் ஆயின. இப்போது சோதனைப் படிவத்தில், விரிசலின் அகலத்துக்குப் பக்கத்தில் புல்லின் உயரத்துக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறவர் முதலில் குனிந்து ஒரு பிடி இழுத்துப் பார்ப்பார், வராவிட்டால் போடுவார்.