படுத்துக்கொண்ட படிக்கட்டு

கொத்தனாரின் மகள் சக்கர நாற்காலியில் வந்து தெருக்கதவைத் தாண்டினால் போதும், மாடி வீட்டுக்குப் போகிற படிக்கட்டு படுத்துக்கொள்ளும். மாடு படுக்கிற மாதிரி முதலில் முன்பக்கம், பிறகு பின்பக்கம். படிகளெல்லாம் ஒன்றுக்குள் ஒன்று ஒடுங்கி வழவழப்பான சரிவாகிவிடும். நாற்காலி மேலே போய்ச் சேர்ந்ததும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு எழுந்து நிற்கும். நாளாக நாளாக எழுந்திருக்கவும் சோம்பல்பட்டுப் படுத்தே கிடக்க ஆரம்பித்தது. இதில் சந்தோஷப்படாத ஒரே ஆள் கொத்தனார்தான்.

காரணம் இல்லாமல் இல்லை. அவர்கள் விட்டுவந்த நாட்டில் தலைமையாசிரியர் ஒருவர் வாய் நிறையச் சிரித்து, டீ வரவழைத்துக் கொடுத்து, வகுப்பெல்லாம் மாடியில் இருக்கிறதே என்று வருத்தப்பட்டு, பிறவியிலேயே காலில் பலமில்லாத பிள்ளையை வாசலோடு திருப்பி அனுப்பினார். அன்றிலிருந்து யார் சிரித்தாலும் கொத்தனார் அவர்களுடைய கை என்ன செய்கிறது என்றுதான் பார்ப்பார். புது நாட்டிலோ ஆளாளுக்குச் சிரித்தார்கள். பேருந்து ஓட்டுநர் சிரித்துக்கொண்டே இறங்கிவந்து நாற்காலிக்குப் பலகை போட்டார். பக்கத்து வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே கதவைப் பிடித்துக்கொண்டார்.

"ஊர் முழுக்க இவ்வளவு நல்லவங்க இருக்க மாட்டாங்க. எங்கேயோ இடிக்குது" என்றார் மனைவியிடம். அவள் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். மடிப்பு எங்கே விழுந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

"உங்களுக்குத்தாங்க இடிக்குது. மத்தவங்கல்லாம் பாத்து நடந்து போறாங்க."

படிக்கட்டு விஷயத்தில் அவர் முதலில் வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டார், கட்டடத்தைக் கெடுத்துவிட்டீர்கள் என்று காலிபண்ணச் சொல்வதற்கான ஏற்பாடு என்று. பிறகு பக்கத்து வீட்டுக்காரரை. மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். குமிழி ஓர் ஓரமாகப் போய் ஒளிந்துகொண்டது. கலவை பூசுகிற கரணையின் இரும்பால் தட்டிப் பார்த்தார். உள்ளே பொந்து கிடையாது, கெட்டியாகத்தான் இருந்தது. கடைசியில் மகளையே சந்தேகப்பட்டார்.

"பொடிசு, உண்மையைச் சொல்லு. நீதானே பண்றே?"

"நான் ஒண்ணும் பண்ணல. நான் வர்றது அதுக்குத் தெரியுது, அவ்வளவுதான்."

அந்தச் சமயத்தில்தான் குடியேற்ற அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் வீட்டைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. இந்த வீடு பிள்ளைக்கு ஒத்துவராது என்று அவள் சொல்லிவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். திரும்பிப் போனால் அதே தலைமையாசிரியர், அதே டீ. பொடிசோ இங்கே பள்ளிக்கூடம் சேர்ந்து, வகுப்பில் வேறு யாரையும் வாய்திறக்கவிடாத அளவுக்குத் தேறியிருந்தாள்.

கொத்தனார் யோசித்தார். படிக்கட்டு படுத்துக் கிடப்பதைப் பார்த்தால், இது என்ன மாதிரிப் பிள்ளை என்று கேட்பார்கள்; கேட்டால் அனுப்பிவிடுவார்கள். ஆகவே அவள் வருவதற்கு முந்தின நாள் வேலைக்குப் போகாமல், செங்கல்லும் கெட்டிக் கலவையுமாகச் சரிவின்மேல் புதுப் படிகள் கட்டினார்.

"அப்பா, அதுக்கு மூச்சு முட்டுதுப்பா."

"படிக்கு ஏதுடி மூச்சு?"

"அப்ப தினமும் பெருமூச்சு விட்டது யாரு?"

அவர் இன்னொரு பூச்சு பூசினார். படிக்கட்டு மிரண்டு அந்தப் பாரத்தோடேயே எழுந்து நின்றுவிட்டது.

சாயங்காலம் மனைவி வந்து பார்த்தாள். "ஏங்க, வர்றவ புள்ள ஏறிப் போக வழி இருக்கான்னுதானே பாக்க வர்றா? நீங்க இருந்த வழியையும் அடைச்சு வச்சிருக்கீங்களே!" கொத்தனாருக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்குள் சிமெண்டும் உறைந்துவிட்டது. கைதேர்ந்த வேலை வேறு, லேசில் பெயராது.

மறுநாள் காலையில் அந்த அம்மாள் ஜலதோஷத்தோடு வந்தாள். படிகளைப் பார்த்தாள். பிள்ளை எப்படி ஏறுவாள் என்று கேட்டாள். கொத்தனார் குனிந்து தன் முதுகைக் காட்டினார். பிள்ளை வளருவாள், உனக்கு வயதாகும் என்றாள் அவள், சிரிக்காமல். அந்த நாட்டுக்கு வந்தபின் சிரிக்காமல் பேசிய முதல் ஆள் அவள்தான். அதனால் கொத்தனார் அவளை அந்த நிமிஷமே நம்பிவிட்டார்.

முதல் படியில் உள்ளங்கையை வைத்து, "தப்புதான். படுத்துக்க" என்றார்.

படி அசையவில்லை. அதற்கும் இப்போது சந்தேகம் வந்திருந்தது. கொத்தனார் இடுப்பிலிருந்த கரணையை எடுத்துக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தார். அப்போதும் யோசித்தது.

"திருந்திட்டாரு, வா" என்றாள் பொடிசு.

புதுச் செங்கல்லெல்லாம் ஆறின புண்ணின் பொருக்கு மாதிரி உதிர்ந்து விழ, படிக்கட்டு முன்னங்காலை மடக்கிப் படுத்தது. நாற்காலி ஏறிப்போனது. அந்த அம்மாள் தூசு படாமல் ஓர் அடி தள்ளி நின்று, இரண்டு தும்மல் போட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"சரிவு இருக்கு. கைப்பிடி எங்கே?"

கைப்பிடி இல்லாமல் கையெழுத்து இல்லை என்பது சட்டம். கொத்தனார் அந்த வாரமே போட்டார். படிக்கட்டோடு சேர்ந்து படுத்து எழுந்திருக்கக் கைப்பிடிக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. அம்மாள் மறுபடி வந்து, பிடித்து ஆட்டிப் பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

பொடிசு வளர்ந்து வேலைக்குப் போகிறாள். அந்தத் தெருவின் மற்றப் படிக்கட்டுகளும் பழகிக்கொண்டுவிட்டன. பிள்ளைத்தாய்ச்சிக்கும் பெட்டி தூக்கி வருகிறவனுக்கும்கூடப் படுத்துக்கொள்கின்றன. கொத்தனாருக்கு மட்டும் சந்தேகம் முழுக்கத் தீரவில்லை. இப்போதும் மகள் வேலைக்குக் கிளம்புமுன் படிக்கட்டை ஒருதரம் தட்டிப் பார்க்கிறார். கரணையின் மரப்பிடியால், வலிக்காமல்.